சிற்றூரில் முன்கூட்டியே ஓட்டுப் போடுவது எப்படி? வட கரோலினாவின் புதிய குடிமக்களுக்கு

வட கரோலினாவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். தமிழர்கள் நிறைய இருக்கும் கேரி, மாரிஸ்வில் பக்கம் போக வேண்டுமானால் காரில் ஒரு மணி நேரம் ஆகும். எங்கள் ஊரில் எங்களையும் சேர்த்து நாலைந்து தமிழ்க் குடும்பங்கள்தான். அவர்களில் யாருக்காவது குடியுரிமை கிடைத்தால், உறுதிமொழி எடுத்த சூட்டோடு எனக்கு போன் வந்துவிடும். "ஓட்டுப் போட நான் என்னென்ன செய்யணும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவில் தேர்தல் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நான் சொல்வது வட கரோலினாவுக்கு மட்டும் பொருந்தும். இங்கேயும் விதிகள் அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு தேர்தலுக்கும் முன் உங்கள் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் வாரியத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வேண்டியதில் முக்கியமானது ஒன்றுதான்: முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில், அதிலும் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் பெயரில், முகவரியில், பதிவில் ஏதாவது கோளாறு இருந்தால் அதைச் சரிசெய்ய அப்போதுதான் நாள் மிச்சம் இருக்கும்.

எனக்கு அது பட்டுத்தான் புரிந்தது. முதல் தேர்தலில், நம் ஊர்ப் பழக்கத்தில், தேர்தல் நாளன்றே போகலாம் என்று இருந்துவிட்டேன். இங்கே அது செவ்வாய்க்கிழமை, எனக்கு வேலை நாள். வேலை முடிந்து ஆறரை மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் இருந்த வாக்குச்சாவடிக்குப் போனால், பட்டியலில் என் பெயர் இல்லை. டிரைவிங் லைசன்ஸ் அலுவலகத்துக்குப் போனபோது வாக்காளர் பதிவுக்கும் எழுதிக் கொடுத்திருந்தேன். அது வந்து சேரவில்லை. சாவடியில் இருந்த அம்மையார் பொறுமையாகத் தற்காலிக வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார். பட்டியலில் பெயர் இல்லாதவரையும் சும்மா திருப்பி அனுப்பாமல், ஓட்டை வாங்கித் தனி உறையில் வைத்து, பிறகு ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்யும் ஏற்பாடு அது. என் ஓட்டு எண்ணப்பட்டதா என்று தெரிந்துகொள்ளப் பல நாள் காத்திருந்தேன். எண்ணப்படவில்லை. இரண்டு வாரம் முன்னால் போயிருந்தால், அங்கேயே புதிதாகப் பதிவு செய்துகொண்டு அந்த நிமிடமே ஓட்டுப் போட்டிருக்கலாம். அந்த வசதி எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை

குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் ஓட்டுரிமை. கிரீன் கார்டு இருந்தாலும் கிடையாது, எச்1பி விசாவுக்கும் கிடையாது. லைசன்ஸ் அலுவலகத்தில் "வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா?" என்று எல்லாரிடமும் கேட்பதுபோல் உங்களிடமும் கேட்பார்கள். அவர்களே கேட்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிடாதீர்கள். குடிமகனாக இல்லாதவர் பதிவு செய்துவிட்டால் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் அது பெரிய சிக்கலாகும். நாட்டைவிட்டு அனுப்பும் அளவுக்கும் போகலாம். பதிவு செய்ததுண்டா, ஓட்டுப் போட்டதுண்டா என்று அந்த விண்ணப்பத்தில் நேராகவே கேள்வி இருக்கிறது. தெரியாமல் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் ஓட்டுப் போடாமல் இருந்து, உடனே குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

பதிவும் உங்கள் பெயரும்

நம் ஊரில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீடு தேடி வருவார். இங்கே யாரும் வர மாட்டார்கள். நாமேதான் பதிவு செய்ய வேண்டும். தேர்தலுக்கு 25 நாள் முன்பு வழக்கமான பதிவு முடிந்துவிடும். 2026 நவம்பர் 3 பொதுத் தேர்தலுக்கு அந்தக் கடைசி நாள் அக்டோபர் 9. அதைத் தவறவிட்டவர்கள் முன்கூட்டிய வாக்களிப்பு மையத்திலேயே பதிவு செய்து அன்றே ஓட்டுப் போடலாம். ஆனால் தேர்தல் நாளன்று இந்த வசதி கிடையாது. அதில் ஒரு விலக்கு உண்டு. பதிவுக்கான கடைசி நாளுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர்கள், சான்றோடு வந்தால் தேர்தல் நாளிலும் பதிவு செய்யலாம். அக்டோபர் கடைசியில் உறுதிமொழி எடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் பெயரில்தான். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கியிருப்போம், அல்லது நம் பெயரே கடைசிப் பெயராகி அப்பா பெயர் முதலில் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசன்ஸில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் இன்னொரு மாதிரி. குடியுரிமை வாங்கும்போது பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு இது இரட்டிப்பாகும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டியதில்லை, ஒரே ஆள்தான் என்று தெரிந்தால் போதும். என்றாலும், உறுதிமொழி எடுத்த கையோடு சோஷியல் செக்யூரிட்டி, லைசன்ஸ், வாக்காளர் பதிவு மூன்றிலும் ஒரே பெயர் வருமாறு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: பதிவுப் படிவத்தில் லைசன்ஸ் எண்ணையோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ தவறாமல் எழுதுங்கள். 2024இல் இங்கே மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கு நடந்த தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் வெறும் 734 ஓட்டு வித்தியாசத்தில் முன்னிலை பெற்றார். எதிர்த்து நின்ற ஜெபர்சன் கிரிபின் 60,000க்கும் மேற்பட்ட வாக்குகள் செல்லாது என்று வழக்குப் போட்டார். அவற்றில் பெரும்பகுதி, பதிவேட்டில் இந்த எண்கள் காணப்படவில்லை என்ற காரணத்துக்காகக் கேள்விக்கு உள்ளானவை. அவர்களில் பலரும் ஒழுங்காக அடையாள அட்டை காட்டி முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்கள்தான். 2025 மே மாதம் வரை வழக்கு இழுத்து, கடைசியில் அந்த ஓட்டுகள் நிலைத்தன. ஆறு மாதம் தங்கள் ஓட்டு செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் அத்தனை பேர் இருந்தார்கள். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பது சின்ன விஷயமில்லை என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். சின்ன ஊரில் போனை எடுப்பது ஒரு ஆள்தான், உங்கள் பதிவைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லிவிடுவார்.

எப்போது, எங்கே

முன்கூட்டிய வாக்களிப்பு, தேர்தலுக்கு முந்தைய மூன்றாவது வியாழக்கிழமை தொடங்கி, தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு முடியும். 2026 பொதுத் தேர்தலுக்கு அது அக்டோபர் 15 முதல் 31 வரை. பொதுத் தேர்தல்களில் வார நாட்களில் காலை 8 மணி முதல் இரவு 7:30 வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறு எந்தெந்த நாள் என்பதைக் கவுண்டி முடிவு செய்யும்.

தேர்தல் நாளன்று உங்களுக்கு ஒதுக்கிய சாவடிக்குத்தான் போக வேண்டும். முன்கூட்டியே போனால் கவுண்டிக்குள் திறந்திருக்கும் எந்த மையத்துக்கும் போகலாம். வீட்டுப் பக்கத்தில் ஒன்று, வேலைக்குப் போகும் வழியில் ஒன்று என்று வசதி பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கிராமப்புறக் கவுண்டிகளில் மையங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும்: நூலகம், சமுதாயக் கூடம், கவுண்டித் தலைநகரில் தேர்தல் அலுவலகம் இப்படி. இடங்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். போன முறை நூலகத்தில் இருந்ததே என்று நேராகப் போய் நின்றுவிடாதீர்கள்.

ஒற்றைப்படை ஆண்டுகளில் மேயர், நகர்மன்றம் என்று ஊர்த் தேர்தல் நடக்கும். அதற்குப் பல கவுண்டிகளில் ஒரே ஒரு மையம்தான், நேரமும் குறைவு. ஆனால் வீட்டுக்குத் தண்ணீர் கட்டணம் எவ்வளவு, தெருவுக்கு நடைபாதை வருமா என்பதெல்லாம் முடிவாவது அங்கேதான். சிற்றூரில் அந்தத் தேர்தல் சில பத்து ஓட்டுகளில் முடிவதும் உண்டு.

எந்த நாள் போவது? முதல் நாள் ஆர்வலர்கள் திரண்டு வருவார்கள், வரிசை இருக்கும். கடைசி இரண்டு நாளும் அப்படியே. என் அனுபவத்தில் முதல் வாரத்துச் செவ்வாய், புதன் காலை பத்து மணி வாக்கில் போனால் ஆள் இருக்காது. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

வாக்குச்சீட்டை வீட்டிலேயே படித்துவிடுங்கள்

இதற்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். சட்டமன்றத்துக்கு ஒரு பட்டன், நாடாளுமன்றத்துக்கு ஒரு பட்டன் என்று பழகிய நமக்கு, இங்கே கையில் கிடைக்கும் தாள் திகைப்பாக இருக்கும். இரண்டு பக்கமும் அச்சாகியிருக்கும், இருபது முப்பது பதவிகள் இருக்கும். அதிபர் தேர்தல் ஆண்டில் கவர்னர், துணை கவர்னர் தொடங்கி வேளாண் ஆணையர், தொழிலாளர் ஆணையர், காப்பீட்டு ஆணையர் வரை மாநில அளவில் மட்டும் பத்துப் பதவிகளுக்கு நேரடித் தேர்தல். அதன் பிறகு நீதிபதிகள். இங்கே நீதிபதிகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், அதுவும் பெயருக்குப் பக்கத்தில் கட்சியோடு. அதற்கும் கீழே ஷெரீப், கவுண்டி ஆணையர்கள், பள்ளி வாரியம், கடைசியில் மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு மாவட்ட மேற்பார்வையாளர் என்று ஒரு பதவி.

முன்பெல்லாம் ஒரே குறியில் ஒரு கட்சிக்கு மொத்தமாக ஓட்டுப் போட முடிந்தது. 2014 முதல் அது இல்லை. ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். பலர் மேலே நாலைந்தைக் குறித்துவிட்டுத் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓட்டு செல்லும், தப்பில்லை. ஆனால் சொத்து வரி விகிதத்தை வைப்பவர்கள் கவுண்டி ஆணையர்கள். பிள்ளைகளின் பள்ளிக் கண்காணிப்பாளரை நியமிப்பது பள்ளி வாரியம். அந்தப் பெயர்கள் தாளின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. பின்பக்கத்தைப் புரட்டாமல் வந்துவிடாதீர்கள்.

உங்கள் முகவரிக்கான மாதிரி வாக்குச்சீட்டு மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் கிடைக்கும். அதை அச்செடுத்து, ஒவ்வொரு பெயரையும் தேடிப் படித்து, பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வார இதழ் இருந்தால் வாங்குங்கள். பள்ளி வாரிய வேட்பாளர்களிடம் கேட்ட கேள்வி பதில் வேறு எங்கும் கிடைக்காது. குறித்த தாளை உள்ளே கொண்டுபோகலாம். போனில் குறிப்பு வைத்திருப்பதைவிடத் தாள் நல்லது. ஏனென்றால் உள்ளே யாரோடும் போனில் பேசவோ செய்தி அனுப்பவோ கூடாது. ஓட்டுப் போட்ட தாளைப் படம் எடுப்பது இந்த மாநிலத்தில் சட்ட விரோதம். முதல் ஓட்டு என்ற உற்சாகத்தில் போனைத் தூக்கிவிடாதீர்கள். வெளியே வந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்

புகைப்பட அடையாள அட்டை. வட கரோலினா டிரைவிங் லைசன்ஸ் அல்லது அமெரிக்க பாஸ்போர்ட் போதும். லைசன்ஸ் காலாவதியாகி ஓராண்டுக்குள் இருந்தாலும் ஏற்பார்கள். குடியுரிமைச் சான்றிதழில் போட்டோ இருக்கிறதே, அது போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஏற்கப்படும் அட்டைகளின் பட்டியலில் அது இல்லை. லைசன்ஸும் இல்லை, பாஸ்போர்ட்டும் இன்னும் வரவில்லை என்றால், கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் வாக்காளர் புகைப்பட அட்டை இலவசமாகவே எடுத்துத் தருவார்கள். அட்டையே இல்லாமல் போனாலும், காரணம் எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டு.

அன்றே பதிவும் செய்வதாக இருந்தால், இப்போதைய முகவரியைக் காட்டும் ஆவணம் ஒன்றும் வேண்டும்: மின்கட்டண பில், வங்கி அறிக்கை, அரசுக் கடிதம், சரியான முகவரியுள்ள லைசன்ஸ், இவற்றில் ஏதாவது ஒன்று. வீடு மாறி லைசன்ஸில் பழைய முகவரி இருப்பவர்கள் இந்த பில்லை மறக்காதீர்கள்.

வாசலில்

நம் ஊரில் தேர்தலுக்கு 48 மணி நேரம் முன்னால் பிரச்சாரம் ஓய்ந்துவிடும். இங்கே ஓயாது. கட்டடத்தின் வாசலில் இருந்து அதிகபட்சம் 50 அடி தூரத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்கு வெளியே கூடாரம் போட்டு இரு கட்சிக்காரர்களும் நிற்பார்கள். சின்ன ஊரில் வேட்பாளர்களே நிற்பார்கள். போன முறை எனக்குத் துண்டுச்சீட்டு கொடுத்தவர், என் மகள் படிக்கும் பள்ளியில் ஓய்வுபெற்ற ஆசிரியை, பள்ளி வாரியத்துக்கு நிற்கிறார். மடக்கு நாற்காலி, கம்பளிப் போர்வை, பிளாஸ்கில் காபி. பள்ளிப் பேருந்து தாமதமாக வருவதைப் பற்றி அவரிடம் ஐந்து நிமிடம் பேச முடிந்தது. கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள், அதற்காகத்தான் அங்கே இருக்கிறார்கள். பேச விருப்பமில்லை என்றால் "நன்றி" என்று சொல்லிவிட்டு நடக்கலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. கோட்டைத் தாண்டி யாரும் வந்து உங்களிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது.

உள்ளே

மேசையில் இருப்பவரிடம் பெயரையும் முகவரியையும் வாயால் சொல்ல வேண்டும். நம் பெயரைக் காதால் கேட்டு அவர்கள் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். லைசன்ஸை முன்னால் வைத்துவிட்டு, கடைசிப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் முதல் பெயரைக் கடைசிப் பெயராக வைத்துத் தேடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலேயே ஒருவர் பெயர் அப்படித்தான் கிடைத்தது.

ஒரு படிவம் அச்சாகி வரும். கையெழுத்துப் போடும் முன் முகவரி சரியா என்று படியுங்கள். தவறாக இருந்தால் அங்கேயே மாற்றலாம்.

பிறகு வாக்குச்சீட்டும் பேனாவும் தருவார்கள். பெரும்பாலான கவுண்டிகளில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள முட்டை வடிவக் கட்டத்தைப் பேனாவால் முழுக்க நிரப்ப வேண்டும். டிக் போடாதீர்கள், பெருக்கல் குறி போடாதீர்கள். சில பதவிகளுக்கு "இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கவும்" என்று இருக்கும், தலைப்பைப் பார்த்துக் குறியுங்கள். தவறாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாதீர்கள். தாளைத் திருப்பிக் கொடுத்தால் வேறு தாள் தருவார்கள். அது உங்கள் உரிமை, சங்கடப்பட ஒன்றுமில்லை. முடித்ததும் நீங்களே ஸ்கேனர் இயந்திரத்தில் தாளை விட வேண்டும். ஒரு பதவிக்குக் கூடுதலாகக் குறித்திருந்தால் இயந்திரம் எச்சரிக்கும். தாள் உள்ளே போய், ஓட்டு ஏற்கப்பட்டது என்று திரை காட்டும்வரை நில்லுங்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளைக் கூட அழைத்துப் போகலாம். பதினாறு வயதானவர்கள் வாக்காளராக முன்கூட்டியே பதிவும் செய்துகொள்ளலாம்.

பெரியவர்களை அழைத்துப் போகும்போது

55 வயதைத் தாண்டி, 15 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவர்கள், ஆங்கிலத் தேர்வு இல்லாமல் குடிமையியல் கேள்விகளுக்குத் தம் மொழியிலேயே பதில் சொல்லிக் குடியுரிமை பெறலாம். என் அம்மா அப்படித்தான் மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தமிழில் பதில் சொல்லி வாங்கினார். வாக்குச்சீட்டு தமிழில் இருக்காது. ஆனால் மகனோ மகளோ கணவரோ கூட நின்று உதவலாம் என்று மாநிலச் சட்டமே அனுமதிக்கிறது. மேசையிலேயே "இவருக்கு நான் உதவுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். உதவுவது என்றால் படித்துச் சொல்வது, அவர் சொன்னதைக் குறிப்பது, அவ்வளவுதான். யாருக்குப் போடுவது என்பது அவர் முடிவு. முந்தின நாள் இரவே அம்மாவோடு உட்கார்ந்து மாதிரிச் சீட்டைத் தமிழில் விளக்கினேன். ஷெரீப் பதவிக்கு நான் சொன்ன ஆளை விட்டுவிட்டு வேறொருவரைச் சொன்னார். அதைத்தான் குறித்தேன்.

நடக்க முடியாதவர்கள் காரைவிட்டு இறங்கவே வேண்டாம். எல்லா மையத்திலும் ஓரமாக ஒரு பலகையும் காரை நிறுத்த இடமும் இருக்கும். அழைப்பு மணியோ போன் எண்ணோ இருக்கும். ஊழியர் வாக்குச்சீட்டைக் காருக்கே கொண்டு வருவார். அடையாள அட்டையைக் கையில் தயாராக வைத்திருங்கள். ஆள் வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கலாம். இதற்கும் கூட்டம் இல்லாத நாளே நல்லது.

திரும்பும்போது அம்மா சட்டென்று நின்று தன் இடது ஆள்காட்டி விரலைப் பார்த்தார். "ஏம்ப்பா, மை வைக்க மாட்டாங்களா?" இங்கே மை இல்லை, ஸ்டிக்கர்தான். மேசை ஓரத்தில் இருந்த சுருளிலிருந்து ஒன்றை உரித்து ஊழியர் கொடுக்க, அம்மா அதைச் சேலைத் தலைப்பில் ஒட்டி, விழுந்துவிடாமல் இரண்டு தடவை அழுத்திவிட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு

சில நாள் கழித்து வாரியத்தின் தளத்தில் உங்கள் பெயரைத் தேடுங்கள். ஓட்டுப் பதிவானது அங்கே தெரியும். யாருக்குப் போட்டீர்கள் என்பது இருக்காது, போட்டீர்கள் என்பது மட்டும் இருக்கும். தற்காலிக வாக்குச்சீட்டில் போட்டிருந்தால், அன்று கொடுத்த தாளில் நிலையைப் பார்க்கும் வழி எழுதியிருக்கும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், ஏதாவது ஆவணம் கேட்டிருந்தால் குறித்த நாளுக்குள் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். தேர்தல் நாள் இரவு 7:30க்குச் சாவடிகள் மூடியதும் முதலில் வெளிவருவது முன்கூட்டியே போட்ட ஓட்டுகளின் எண்ணிக்கைதான். எங்கள் வீட்டில் அன்று சமையலைச் சீக்கிரம் முடித்துவிட்டு, பள்ளி வாரிய முடிவுக்காகத்தான் உட்கார்ந்திருப்போம்.